சல்லடை அக்காவும் முப்பத்தெட்டு மீட்டரும்

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் என் முதல் கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிடுக்கு கோப்புகளிலும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு பெண்மணி என் மேசை முன்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது.

"தம்பி, இது நீங்க அனுப்புனதா? 'கடைசி', 'புதுக்கடைசி', 'நிஜக்கடைசி'. உங்க வீட்டுல பொறக்குற பிள்ளைக்கெல்லாம் கடைக்குட்டின்னே பேர் வைப்பாங்களா?"

அறையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. "எது கடைசின்னு எனக்குத் தெரியும்க்கா."

"உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் கழிச்சுத் திறக்குறவன் உங்களுக்கு போன் போட்டுக் கேப்பானா?"

சல்லடை அக்கா எனக்கு அறிமுகமானது அப்படித்தான். அந்தப் பட்டப்பெயரை இயக்குநரே அவர் முகத்துக்கு நேராகச் சொல்வார். அக்காவும் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் விண்கலம் ஒரு கிரகத்தைச் சுற்றியபடி தரையை நோக்கி லேசர் துடிப்புகளை அனுப்பியது. துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்து மேடு பள்ளம் அறியலாம். ஆறு ஆண்டுகளில் அறுபது கோடிப் புள்ளிகள். பிறகு விண்கலம் ஓய்ந்துவிட்டது, மிஞ்சியவை கோப்புகள்தான். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. என்ன கருவி, எந்த நாள், என்ன அலகு, உயரத்தை எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடலே இல்லாத கிரகத்தில் கடல்மட்டத்துக்கு எங்கே போவது? ஒரு கோளத்தைக் கற்பனை செய்து, அதன் மேற்பரப்புதான் பூஜ்ஜியம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

லேபிள் எழுதுவது அக்கா. அதற்கு முன் ஒரு பொது நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போட்டவர், இயற்பியல் படித்தவரல்ல. எழுதிய லேபிளைத் துறை தெரியாத யாரிடமாவது படிக்கக் கொடுப்பார். வாசல் காவலர், மின்தூக்கி பழுதுபார்க்க வந்தவர், யாரானாலும் சரி. படித்தவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் லேபிளில் குறை இருக்கிறது என்று பொருள். "நம்ம ஆளுங்ககிட்ட குடுத்தா புரியாட்டியும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிருவாங்க," என்பார்.

நான் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அக்கா ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். கோப்புகளின் கடைசித் தொகுதியை ஆய்வுக்குழு ஏற்றுக்கொண்டால் அவருக்கு நிரந்தரப் பணி என்று உத்தரவு வந்திருந்தது. அந்த உத்தரவுக்கு மாதக் கடைசி வரைதான் ஆயுள். குழு கூடுவது வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை மாலை கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறை. அவர் கணவர் பேருந்து நடத்துநர். சீருடையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் ஒரு லேபிளை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே பத்தாவது படிக்கும் மகள்.

"பூஜ்ஜியம், திருத்தப்பட்ட கோளம்னு போட்டிருக்கியே, எப்பத் திருத்துனீங்க?"

"மூணாவது வருஷம்ங்க."

"அப்ப அதுக்கு முன்னாடி அளந்தது? எங்க டிப்போவ இடம் மாத்துனப்ப பழைய கிலோமீட்டர் கல்லை எவனும் புடுங்கல. பாதிக் கல் இன்னும் பழைய டிப்போலேருந்துதான் எண்ணுது. புது டிரைவருங்க முழிக்கிறானுங்க."

"அதெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டாச்சு..." என்ற அக்கா பாதியில் என் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையுமா தம்பி?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "காலையில பாத்துச் சொல்றேன்க்கா," என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் தெரிந்துவிட்டது. முதல் ஆண்டின் முப்பத்தொரு கோப்புகளுக்கு மறுகணக்கே நடக்கவில்லை. உள்ளே பழைய பூஜ்ஜியம், வெளியே புது லேபிள். வித்தியாசம் முப்பத்தெட்டு மீட்டர். விண்கலம் அளந்து சென்ற இரண்டு தடங்கள் குறுக்கிடும் இடத்தில் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் நிரல் நான் எழுதியது. அது ஒரே ஆண்டின் தடங்களை மட்டுமே ஒப்பிட்டது.

இயக்குநர் கெட்டவரல்ல. அக்காவுக்காகத்தான் வாதாடினார். "முப்பத்தெட்டு மீட்டர் ஒரு கிரகத்துக்கு மரு அளவுகூட இல்லம்மா. அடுத்த கூட்டம் ஆறு மாசம் கழிச்சு. உங்க உத்தரவு அதுக்குள்ள செத்துரும். இப்ப விட்டுட்டு, பின்னாடி ஒரு திருத்தக் குறிப்பு போட்டுக்கலாமே?"

"மரு இல்லதான் சார். ஆனா அங்க ஒரு பள்ளத்தாக்கு இருக்குன்னு எவனாவது கட்டுரை எழுதிருவானே. மருந்து பாட்டில்ல லேபிளை மாத்தி ஒட்டிட்டுக் கடை வாசல்ல நோட்டீஸ் ஒட்டுனா போதுமா?"

தொகுதியைத் திரும்பப் பெறும் கடிதத்தை அக்கா அங்கேயே எழுதினார். 'லேபிள் எழுதியது நான்' என்று ஒரு வரி இருந்தது. என் நிரலின் பிழையையும் சேர்க்கச் சொன்னேன்.

"அதுக்கு நீங்க தனிக் கடுதாசி எழுதுங்க. என் கடுதாசியில எதுக்கு ஒண்டுக்குடித்தனம் கேக்குறீங்க?"

எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டில் கணவர்தான் அதிகம் நொந்துபோயிருந்தார். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"எங்க கேள்வித்தாள் போடுறவங்களே தேவலாம்ப்பா," என்றாள் மகள். "நீ கேட்டது ஒரே கேள்வி, அம்மா வேலைக்கே உலை வெச்சுட்ட."

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

முப்பத்தொரு கோப்புகளின் மறுகணக்கு ஒன்பது நாளில் முடிந்தது. ஆறு ஆண்டுத் தடங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட நான்கு மாதம் ஆனது. இன்னும் இரண்டு கோப்புகளில் சிறு பிழைகள் அகப்பட்டன. அடுத்த கூட்டத்தில் குழு ஒரு கேள்விகூடக் கேட்காமல் தொகுதியை ஏற்றுக்கொண்டது. நிரந்தரப் பணியிடம் அதற்குள் வேறு துறைக்குப் போய்விட்டது.

இப்போது சல்லடை அக்கா அடுத்த விண்கலத்தின் காப்பகத்துக்குப் பொறுப்பாளர். அவருக்குக் கீழே நானும் இன்னும் இருவரும் வேலை செய்கிறோம். அவர் வேலை இன்னும் ஆண்டு ஒப்பந்தம்தான். நிரந்தரமாக்கக் கேட்டு இயக்குநர் எழுதிய கோரிக்கை மேலிடத்தில் இருக்கிறது.