காத்து நின்ற பாலம்

பாலத்திலிருந்து ஒரு முறை விழுந்தால் ஒரு நோட்டு. அந்தக் கணக்கில் மேஸ்திரி தம் மருமகனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் சட்டைப்பை கொள்ளாத அளவுக்கு ஏறியிருந்தது. ஒரே ஒரு முறை தாண்டிவிட்டால் போதும், அத்தனையும் மருமகன் தலைக்கு மாறும். அதுதான் பந்தயம்.

மற்றபடி அவர் கடன் அறியாதவர். சிமெண்ட் மூட்டை சுமக்க வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற படிப்போடு தெருவுக்குத் தெரு மாடி எழுப்பியவர். "யார்கிட்டயும் கை நீட்டி ஒரு காசு வாங்கினதில்ல" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். உழைத்த கூலியைக்கூட மேசைமேல் வைக்கச் சொல்லித்தான் எடுத்துக்கொள்வார்.

சாயங்காலம் காதில் செருகிய பென்சிலோடு டிவி முன் உட்கார்வார். மூட்டை தூக்கப் போகிறவர் போல உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டுதான் ஜாய்ஸ்டிக்கைத் தொடுவார். திரையில் ஒரு குட்டி வீரன் பலகைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். உடையப் போகிற பலகை ஒரு விரிசல்கூடக் காட்டாது. உடையாத பலகையில் நின்று மூச்சு விட்டால் பின்னாலிருந்து பருந்து வந்து தள்ளும். தப்பிப் பிழைத்து அக்கரைக் கதவைத் தொடப் போனால் தலைமேல் கல். அநியாயம் என்றால் அப்படியொரு அநியாயம்.

விழுந்ததும் தொடையில் அடித்துச் சிரிப்பார். "கட்டினவன் கில்லாடி மாப்ள! கதவுகிட்ட வந்தவனையும் விடல பாருங்க."

"கடுப்பா இல்லையா மாமா?"

"கடுப்புதான். கடுப்பு இல்லாம என்ன ஆட்டம்? நேத்து என்னைக் கவுத்த பலகை இன்னிக்குக் கவுக்க முடியாதில்ல? அந்தப் பலகை இனிமே என் சொத்து."

நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு அவரைச் சுற்றி எல்லாமே மெத்தையாகிவிட்டது. சாரத்தில் ஏறப் போனால், "நீங்க நிழல்ல உக்காருங்க மேஸ்திரி" என்று ஆட்கள் ஏணியை மறைத்து நின்றார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் மகள் ஓடி வந்தாள். தாட்சண்யம் பார்க்காதது அந்தப் பாலம் ஒன்றுதான்.

ஒருநாள் அவர் விரல்கள் நடுங்குவதைப் பார்த்த மருமகனுக்கு மனசு கேட்கவில்லை. மாமா முகம் கழுவப் போன நேரத்தில் ஆட்டத்தைச் 'சுலபம்' என்ற கட்டத்துக்கு மாற்றி வைத்தார். வீரன் ஒரே ஓட்டத்தில் அக்கரை சேர்ந்தான். மகள் கைதட்டினாள். மருமகன் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மேஸ்திரி அதைப் பார்க்கவேயில்லை. "நடுப் பலகை உடைஞ்சுதான் ஆகணும். நான் மிதிச்சு நகர்ற வரைக்கும் பொறுத்து நின்னுச்சு. எந்தப் பாலம் மாப்ள எனக்காகக் காத்து நின்னிருக்கு?"

"இல்ல மாமா, உடம்பு அலட்டிக்கக் கூடாதுன்னு..."

"நீங்களும் ஏணிய மறைச்சுட்டீங்க."

அதன்பின் அவர் டிவி பக்கமே வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். மகள் புருஷனை முறைத்தாள். கடைசியில் மருமகனே ஜாய்ஸ்டிக்கோடு வந்து எதிரே நின்றார். "பழையபடி மாத்திட்டேன் மாமா. பாக்கி அப்படியே நிக்குது. ஆடறீங்களா, இல்ல இன்னிக்கே கட்டறீங்களா?"

"அப்பா கிட்ட இப்படியா பேசுவீங்க?" என்று மகள் பதறினாள்.

"நீ சும்மா இரும்மா. இப்பதான் மனுஷன் எதிராளி மாதிரி பேசறாரு." மேஸ்திரி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அன்றும் விழுந்தார். மறுநாளும் விழுந்தார். மழை பெய்த ஒரு விடுமுறை நாளில் நடுப் பலகையைத் தாவி, பருந்துக்குக் குனிந்து, கதவுக்கு ஓரடி முன்னால் நின்றார். கல் கண்ணெதிரே விழுந்தது. "விழுந்தியா? சரி, வழிய விடு" என்று அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

"மாத்தி வைக்கலையே?"

"மாத்துவேனா? போச்சு மாமா, என் சம்பளத்துல பாதி போச்சு!" மருமகன் நிஜமாகவே தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை மேஸ்திரி ஆசை தீரப் பார்த்தார்.

மருமகன் மாமாவின் வழக்கப்படி நோட்டுகளை மேசைமேல் வைக்கப் போனார். மேஸ்திரி வேண்டாமென்று தலையசைத்தார். ஜாய்ஸ்டிக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைச் சட்டையில் துடைத்து, விரித்து நீட்டினார். மருமகன் ஒவ்வொரு நோட்டாக அதில் எண்ணி வைத்தார்.