அக்காள் ஏறிய படகு

எண்பதுகளின் நடுவே, திண்டிவனத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மண்டி நடத்தி வந்த என் அக்காளின் கணவருக்கு விசைப்படகு வாங்கும் விருப்பம் எழுந்தது. மீன் பிடிப்பதற்கன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணத்து உப்பங்கழியில் உலவி வருவதற்கு. மண்டியைப் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டார்; இனியேனும் மனைவியோடு வெளியே போய்வர வேண்டும் என்பது அவர் எண்ணம். அக்காளோ நீரைக் கண்டால் அஞ்சுபவர். கோயில் குளத்திலும் மேற்படியிலேயே நின்றுகொள்வார்.

“அவ ஏறலன்னா எனக்கு எந்த போட்டும் வேணாம் மச்சான்” என்று மாமா என்னிடம் முன்னரே சொல்லியிருந்தார். விழுப்புரத்தில் ஆசிரியப் பணியிலிருந்த எனக்குப் படகைப் பற்றி யாதும் தெரியாது. அக்காளை இணங்கச் செய்யவே அவரோடு என்னையும் மரக்காணத்துக்கு அழைத்துச் சென்றார்.

புதுச்சேரியை விட்டுக் குடிபெயரவிருந்த ஒருவர் தம் படகுகள் இரண்டையும் கழிக்கரையில் விற்பனைக்கு நிறுத்தியிருந்தார். ஒரே நீளம், ஒரே வெண்மை, ஒரே வகைப் பொறி. உழவுக் குடும்பத்தில் பிறந்து காளைகள் வாங்கிப் பழகிய மாமா, மாட்டுச் சந்தைப் பழக்கத்தைக் கைவிடவில்லை. விலாவைத் தட்டினார், சுழி தேடுபவர் போல அடிப்பாகத்தைத் தடவினார், பல் பார்ப்பது போல நீர் தள்ளும் விசிறியின் இதழ்களை ஆராய்ந்தார். இரண்டையும் ஓட்டி நடை பார்த்தார். பிறகு முகம் வாடி நின்றார்.

“இன்னா மாமா, பிடிக்கலியா?”

“ரெண்டும் பிடிச்சிருக்கு. அதான் பேஜாரு. இவ்ளோ பொருத்தமா ஜோடி அமையுமா? ஒண்ண ஓட்டிக்கினு போயிட்டா இன்னொண்ணு ஏங்கிப்பூடும் மச்சான்.”

ஒத்த காளைகளைப் பிரித்து வாங்குவதை எங்கள் பக்கத்து உழவர்கள் பாவமெனக் கருதுவர். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இரண்டுக்குமே விலை கேட்கத் தொடங்கிவிட்டார்.

பனை நிழலில் அமர்ந்திருந்த அக்காள் எழுந்து வந்தார். “ரெண்டையும் வாங்கி ஏர்ல பூட்டப் போறீங்களா?”

“அப்போ நீயே ஒண்ணு சொல்லும்மே.”

“நான் இன்னாத்த சொல்றது? நான்தான் ஏறப்போறதில்லியே.” சொல்லிக்கொண்டே இரண்டினுள்ளும் எட்டிப் பார்த்தார். “இதுல சீட்டு ஏன் திரும்பிக்கினு கீது?”

விலாவையும் விசிறியையுமே பார்த்திருந்த நாங்கள் அப்போதுதான் அதைக் கவனித்தோம். ஒன்றில் இருக்கைகள் யாவும் முன்னோக்கி இருந்தன. மற்றதில் ஓட்டுபவரின் முதுகோடு முதுகாக, பின்னோக்கிய இருக்கை ஒன்று இருந்தது.

“இதுல குந்திக்கினா கரை தெரிஞ்சிக்கினே இருக்குமா?”

“தெரியும்மே! நல்லாத் தெரியும்!”

“திரும்பி வர்றப்போ?”

மாமா கழியையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “ரிவர்ஸ்லயே வர்றேன்” என்றார்.

அக்காளுக்குச் சிரிப்புத் தாளவில்லை. அந்தச் சிரிப்பினூடே புடவையைச் செருகிக்கொண்டு, என் தோளை இறுகப் பற்றி ஏறிவிட்டார். உரிமையாளர் அருகிருந்து வழிகாட்ட, மாமா செலுத்தினார். பின்னோக்கிய இருக்கையில் அமர்ந்து கரையையே நோக்கியிருந்த அக்காளின் முகம், கரையில் நின்ற எனக்குத் தொலைவில் மெல்லச் சிறுத்துக்கொண்டே போயிற்று.

படகு திரும்பியபோது பின்னோக்கிய இருக்கையில் உரிமையாளர் அமர்ந்திருந்தார். அக்காள் முன்னே, மாமாவின் சட்டைக் கையைப் பற்றியபடி இருந்தார்.

நான் பார்ப்பதைக் கண்டதும், “இன்னாடா பாக்கற? இப்பவும் கரையத்தான் பாத்துக்கினு வர்றேன்” என்றார்.