காபியில் முதல் சொட்டு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் போகும்போது பெண் கூடப் போகும் வழக்கம் கிடையாது. நான் போனேன். வாழப்போவது நான்தானே, பார்க்காமல் எப்படி? பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மாப்பிள்ளையும் நானும் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம், பிடித்துப்போனது. அவருடைய அம்மாவை அப்போது ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்ணா என்று மாதக்கணக்கில் இழுத்தடித்த ஆன்ட்டி, ஒருவழியாக வரச் சொல்லியிருந்தார். அப்பா, அம்மா, நான் மூவரும் குப்பத்திலிருந்து பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து மாடம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம்.

காபி வந்தது. அப்பா டம்ளரை வாங்கி, விரல் நுனியால் காபியைத் தொட்டு, தரையில் ஒரு சொட்டுத் தெளித்தார். பிறகுதான் குடித்தார். பளபளவென்று துடைத்த டைல்ஸில் அந்தச் சொட்டு பொட்டு மாதிரிக் கிடந்தது.

ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது. மகனை உள்ளே கூப்பிட்டார். ரகசியம் பேசுவதாக அவருக்கு நினைப்பு. ஹால் வரைக்கும் கேட்டது.

"எங்கப்பா தினமும் பாட்டிலைத் திறந்ததும் இதைத்தான்டா பண்ணுவார். விரலை விட்டுத் தெளிச்சிட்டுத்தான் குடிப்பார். அதைப் பார்த்துப் பார்த்து அழுது வளர்ந்தவ நான். காபிக்கே கை தானா போகுதுன்னா எப்பேர்ப்பட்ட குடிகாரரா இருக்கணும்! இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

வந்ததே எனக்குக் கோபம்! அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுக்க இழுக்க எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றேன்.

"ஆன்ட்டி, எங்கப்பா வாழ்க்கையிலேயே குடிச்சதில்லை. ஏன் தெளிச்சார்னு அவர்கிட்டயே கேளுங்க. கேட்டுட்டும் வேண்டாம்னா, நான் கிளம்பிடறேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. வேண்டாம் என்றே ஆன்ட்டி சொல்லிவிட்டால் அவர் மகனை எப்படி மறப்பேன்?

ஆன்ட்டி வெளியே வந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. குடிக்கிறவன் இன்னாத்துக்குத் தெளிக்கிறான்னு எனக்குத் தெரியாது. எங்க வூட்டுல எப்படி வந்துச்சுன்னு தெரியும். எங்கண்ணன் கடலுக்குப் போனவன் திரும்பல. தேடிக்கினு போனோம். கட்டுமரம் கெடச்சுது, அவன் கெடைக்கல. தண்ணி கேன் காலியா கெடந்துச்சு. சுத்தியும் கடலு, குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லாம தவிச்சிருப்பான். அன்னிலேர்ந்து தண்ணியோ டீயோ, மொத சொட்டு அவனுக்குத்தான். தரைய அழுக்காக்கிட்டேன். துணி குடுங்க, தொடச்சுடறேன்."

ஆன்ட்டி விறுவிறுவென்று சமையலறைக்குத் திரும்பிப் போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் கையில் துணி இல்லை. நுரை ததும்ப இன்னொரு டம்ளர் காபி. அதை அப்பாவுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த நாற்காலிக்கு எதிரே வைத்தார்.

"தாகத்தோட போனவருக்கு ஒரு சொட்டு எப்படிங்க போதும்? இது உங்க அண்ணனுக்கு."

அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குச் சக்கரை தூக்கலா வேணும், சம்பந்தியம்மா."

ஐயோ, முந்திக்கொண்டு சம்பந்தியம்மா என்றுவிட்டாரே! ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன்.

"எத்தனை ஸ்பூன் போடட்டும், சம்பந்தி?" என்றார் ஆன்ட்டி.

எனக்கு அந்த இடத்திலேயே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.