தோழி எங்கே போய் நிற்கிறாள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா நோயில் விழுந்தார். வாடகை அறையொன்றில் தனியாக இருந்த அம்மாவின் தங்கை, என் சித்தி, லண்டனின் எட்மண்டனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்.
2. அம்மா இறந்தார். சித்தி திரும்பிப் போகவில்லை.
3. ஒரு வருடத்தில் வரும் ஆட்டைத் திவசம் முடிந்ததும், சித்தியை அப்பாவுக்குக் கட்டிவைப்பதென்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள்.
4. சித்தியை யாரும் கேட்கவில்லை.
5. கடைசியில் முகத்துக்கு நேரே பேச்சு வந்தபோது அவர் ஏலாது என்றார்.
6. அவர் எங்கள் வீட்டை விட்டுப் போனார்.
7. இந்த வருடம் வசந்தத்தில் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலை செய்கிறேன். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று எழுதிவைப்பதே என் நாள். என்ன உணர்ந்தோம் என்பதற்கு அங்கே இடமில்லை. அந்த வசதிக்காகவே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதோ என்று சிலவேளை நினைப்பதுண்டு. மேலே எழுதிய ஏழும் சரியானவை. ஆனால் அவற்றைப் படிக்கிற ஒருவருக்கு என் சித்தி எப்படிப்பட்டவர் என்று தெரியாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களைச் சொல்லவேண்டும்.

சித்தி ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரியில் விடியற்காலை ஷிப்டில் நின்றார். வீடு திரும்பி, குளித்து, சமைத்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பிய பிறகும் அவருடைய தலைமுடியில் வனிலாவும் ஈஸ்ட்டும் மணக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் ஒரு சானலில் பழைய ஹாலிவுட் காதல் படங்கள் போடுவார்கள். ஆடலும் பாடலும் நிறைந்தவை. பளிங்குப் படிக்கட்டுகள், நீரூற்றுகள், வால் வைத்த கோட் அணிந்த ஆண்கள், நடந்தால் புகைபோல் பின்னால் வரும் கவுன்கள். வேலையிடத்துக்குப் போதுமான ஆங்கிலம் சித்தியிடம் இருந்தது. இவர்கள் பேசும் வேகத்துக்கு அது போதாது. பாடத் தொடங்கினால் சுத்தமாகப் போதாது. ஆகவே அவர் முகங்களைப் பார்த்தே படம் பார்த்தார். கதாநாயகனும் கதாநாயகியும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"அதுகள் எப்பிடியும் சேர்ந்திடுங்கள். அதுக்கேன் நாங்கள் மினக்கெடுவான்? இவளைப் பார், பிள்ளை," என்பார்.

'இவள்' என்பது கதாநாயகியின் தோழி. தேவைக்குச் சற்று அதிகமான உயரம், சற்று அகலமான வாய், எப்போதும் ஒரு பக்கம் சரிந்த தொப்பி. சித்தி அவளுக்கு வைத்த பெயர் வாய்க்காரி. ஹோட்டல் முகாமையாளருக்கு மீசைக்காரர் என்று பெயர். கதாநாயகனுடைய நண்பன், எப்போதும் பியானோவுக்கு முன்னால் இருந்து எதையாவது மென்றுகொண்டிருப்பவன், பியானோக்காரன். இவர்கள் படத்துக்குப் படம் திரும்பி வருவார்கள். உடுப்பு மாறும், பெயர் மாறும், வேலை மாறாது. வாய்க்காரி திரையில் முதன்முதலாகத் தலைகாட்டும்போது, பக்கத்து வீட்டுக்காரி படலையைத் திறந்து வருவதுபோலச் சித்தி "வந்திட்டாள்" என்று சொல்லிக் காலை மடித்து வசதியாக இருப்பார்.

அந்தத் துணை நடிகர்களின் கவர்ச்சி எதில் இருக்கிறது என்று வளர்ந்த பிறகு நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். கதாநாயகியின் முகத்தில் வெளிச்சம் அவ்வளவு கவனமாக விழுகிறது; அவளால் அசையமுடிவதில்லை. அவள் வேர்க்கக்கூடாது, மெல்லக்கூடாது, தடுக்கி விழுவதென்றாலும் அழகாகத்தான் விழவேண்டும். தோழிக்கு அந்தச் சிறை இல்லை. அவள் முகத்தைச் சுளிக்கலாம், கொட்டாவி விடலாம், அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம். இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் குறைவு. அதனால் உள்ளே வரும்போதே ஒரு முழு வாழ்க்கையையும் கையோடு கொண்டுவருகிறார்கள். மீசைக்காரர் ஒரு தந்தியைக் கொடுத்துவிட்டுப் போக மட்டும்தான் வருவார். ஆனால் அவருக்குச் சப்பாத்து இறுக்கம் என்பதும், வீட்டில் அவரை யாரும் மதிப்பதில்லை என்பதும் அதற்குள் நமக்குத் தெரிந்துவிடும். கதாநாயகிக்குப் பாடுவதற்கு ஒரு மண்டபமும் வாத்தியக் குழுவும் கிடைக்கும். வாய்க்காரிக்குக் கிடைப்பது நடுவில் ஒரு சரணம். முழங்கையாலும் புருவத்தாலும் குதிகாலாலும் அந்த ஒரு சரணத்தை அவள் தூக்கிக்கொண்டு போவாள். சித்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பது அந்தச் சரணத்துக்கு மட்டும்தான்.

மற்றவர்கள் பாடும்போது பின்னால் நிற்பவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் அவர் பார்ப்பார். கேட்பதும் ஒரு வேலை என்பார். சரியாகக் கேட்கத் தெரியாத ஒருவர் பின்னால் நின்றால் பாடுகிறவரின் பாட்டும் கெட்டுவிடும் என்பது அவருடைய கணக்கு.

இந்தப் படங்களில் தவறாமல் ஒரு காட்சி வரும். காதலர்கள் தனியாக இருக்கவேண்டிய கட்டம். தோழி அதைக் கண்டுகொண்டு, எனக்கு ஒரு போன் வந்திருக்கிறது என்றோ கையுறையை மறந்துவிட்டேன் என்றோ ஏதாவது சொல்லி எழும்பி வெளியே போவாள். கதவு மூடும். வயலின் தொடங்கும். கமரா காதலர்களோடு நின்றுவிடும். சித்தி மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவளுக்கு ஒரு போனும் வரேல்லை. இப்ப இவள் எங்க போய் நிக்கிறாள்?"

பிறகு காதலர்கள் பாடி முடிக்கும்வரை அவரே அதைச் சொல்லுவார். வாய்க்காரி கதவுக்கு வெளியே நடையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மீசைக்காரர் ஒரு கதிரை கொண்டுவந்து போடுகிறார். அவர் தன் மனைவியைப் பற்றி முறையிடுகிறார், இவள் கேட்கிறாள். தரைவிரிப்பில் படுத்திருந்த நானும் தம்பியும் சிரித்துப் புரளுவோம். அப்போது அம்மா உயிரோடு இருந்தார். சோபாவின் மற்ற மூலையில் போர்வைக்குள் சாய்ந்திருந்தபடி, விசர்க்கதை கதையாமல் படத்தைப் பார்க்க விடச் சொல்லித் தங்கையை அதட்டுவார். "நீ பாரக்கா. நான் இவளோட கொஞ்சம் நிண்டிட்டு வாறன்," என்பார் சித்தி.

அவருக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. சில படங்களின் கடைசி நிமிடத்தில், எல்லாரும் ஜோடி சேரும் சந்தடியில், வாய்க்காரியையும் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பகிடி, ஒரு முத்தம், முடிந்தது. மிச்சத்தில் ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி எழும்பிச் சோற்றுப்பானையை அடுப்பில் வைக்கப் போய்விடுவார்.

அம்மா இறந்தது ஒரு குளிர்காலத்தில். அதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை. பிறகு போட்டோம். சோபாவின் மற்ற மூலையில் யாரும் இருக்கவில்லை. போர்வை மட்டும் மடித்தபடி கிடந்தது.

மனைவி இறந்து பிள்ளைகளும் சிறிதாக இருந்தால், அவளுடைய தங்கையைக் கட்டிவைப்பதை எங்கள் ஆட்கள் ஒரு நல்ல காரியமாகவே நினைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்நியப் பெண் தாயாக வரமாட்டாள், வீடும் கலையாது. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வருடம் திரும்பியதும் இதைக் கையில் எடுத்தார். மாமி கெட்டவர் அல்ல. அவர் செய்த பிழை ஒன்றுதான். அவர் சாடையாகக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் சித்தி எழும்பி அடுப்பைப் பார்க்கவெனக் குசினிக்குள் போனார். மாமி அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். ஊரில் பொம்பிளைப் பிள்ளைகள் அப்படித்தானே சம்மதம் சொல்லுவார்கள். சாதகம் பார்த்தாயிற்று. அம்மாவின் தாலிக்கொடியை அழித்துப் புதிதாகச் செய்யலாம் என்றும் பேசியாயிற்று. அப்பா தலைமுடிக்கு மை பூசத் தொடங்கினார். தலையணை உறையில் படிந்த மையைத் தோய்த்தது சித்திதான்.

அவர்கள் முற்றாகப் பேசிமுடிக்க வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாமி நாள் குறிப்பதைப் பற்றித் தொடங்கினார். சித்தி தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழும்பினார். எல்லாருக்கும் முன்னால் தேத்தண்ணி ஏற்கெனவே ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை நான் மட்டுமே கவனித்தேன் என்று நினைக்கிறேன். அவர் கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்தபடி சிறிது நின்றார். எனக்கு அப்போது பதினைந்து வயது; நிலைமை தெளிவாக விளங்கியது. ஓம் என்றால் சித்தி எங்களோடு இருப்பார். ஏலாது என்றால் போய்விடுவார். அவர் ஓம் சொல்லவேண்டும் என்று விரும்பினேன். எந்த முறையில் இருந்தால் என்ன, இருந்தால் போதும்.

சித்தி வெளியே போகவில்லை. திரும்பி வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"அத்தான், நான் பிள்ளையளுக்கெண்டு வந்தனான். இருக்கச் சொன்னால் இன்னும் இருப்பன். ஆனா அக்கான்ர இடத்தில என்னை இருத்தாதேங்கோ. அது ஏலாது."

அப்பா தன் கோப்பைக்குள் பார்த்தார். மாமிக்கு முகம் கறுத்தது. தொலைக்காட்சியைக் கையால் காட்டி, "பிறகென்ன, உதில ஆடுற வெள்ளைக்காரன் வந்து கேப்பானெண்டோ பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார்.

"அவன் வந்தாலும் வேண்டாம், மச்சாள். அவன்ர பியானோக்காரன் வந்தால் யோசிப்பன்."

தம்பி ஒருதரம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அப்பா எழும்பிப் போய், சத்தமே இல்லாத தொலைக்காட்சியை நிறுத்தினார்.

கேட்டு, மறுத்த பிறகு ஒரே கூரையின் கீழ் இருந்தால் சனம் என்ன கதைக்கும் என்று மாமி சொன்னார். அப்பா அதை மறுக்கவில்லை. சித்தி கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு அறை பார்த்துக்கொண்டார். போவதற்கு முன் கறிகளை வைத்துப் பெட்டி பெட்டியாக ஃபிரீசரில் அடுக்கினார். தம்பிக்கு எது உறைக்கும், எது உறைக்காது என்று எனக்குக் காட்டினார். அப்பா அந்தக் கறிகளைச் சாப்பிட்டார், சித்தியோடு கதைக்கவில்லை. மினிகேப் வந்தது. நான் சூட்கேஸை இறக்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் திரும்பி வந்து கணக்குப் பாடம் செய்தேன். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. பிறகு தோன்றும் என்று நினைத்தேன்.

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சித்தி மறுக்கப் பழகினார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அவற்றில் எதையும் கற்றதாக எனக்குத் தெரியவில்லை. தனக்குப் பிடித்த ஆட்கள் சிலரை அங்கே கண்டார், அவர்களோடு கொஞ்சநேரம் இருந்தார். வெளிச்சம் விழாத இடத்தில் நிற்பதில் அவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அம்மாவுக்காக எடுத்துவைத்திருந்த வெளிச்சத்துக்குள் அவரைத் தள்ளப் பார்த்தார்கள். அதற்குத்தான் அவர் சம்மதிக்கவில்லை.

இப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வால்தம்ஸ்டோவில் ஒரு சிறிய பிளாட்டில் தனியாக இருக்கிறேன். தம்பி வேலைக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்டான். வசந்தத்தில் சித்தி அழைத்து, சாப்பாட்டைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் நெடுநேரம் கதைத்த பிறகு, தான் கலியாணம் கட்டப்போவதாகச் சொன்னார். மாப்பிள்ளை மன்னார்க்காரர், எங்கள் ஆட்கள் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர், பஸ் கராஜில் மெக்கானிக். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை, பதிவு மட்டும்தான். இரண்டு சாட்சிகள் தேவையாம். அவருடைய பக்கத்தில் ஒரு நண்பர். தன் பக்கத்தில் நான் வரமுடியுமா என்று கேட்டார். வேலை இருந்தால் பரவாயில்லை என்று நான் பதில் சொல்ல முன்னரே இரண்டுதரம் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவோடு சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவும்போது அவரிடம் சொன்னேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் மாப்பிள்ளை என்று ஒழுங்காகச் சொன்னேன். அவர் ஒரு கோப்பையை நெடுநேரம் துடைத்தார்.

"மழை வரும். குடை கொண்டு போ," என்றார்.

பதிவு அலுவலகம் சிறிய அறை. நீல நிறக் கதிரைகள். சித்தி மாம்பழ நிறச் சேலை உடுத்து, தலையில் கொஞ்சம் மல்லிகை வைத்திருந்தார். எல்லாரும் தன்னைப் பார்க்கும் ஒரு இடத்தில் அவரை நான் முன்பு கண்டதில்லை. கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கும்படி பதிவாளர் சொன்னபோது சித்தி என்னைத் திரும்பிப் பார்த்து, எனக்கு இருக்கக் கதிரை கிடைத்ததா என்று கண்ணால் கேட்டார். மாப்பிள்ளை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சித்தி அவரைப் பார்த்தார். சித்தி தான் சொல்லவேண்டிய வசனங்களைச் சொல்லும்போது நான் கவனமாகக் கேட்டேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன்.

மத்தியானம் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் நான்கு பேரும் சாப்பிட்டோம். மாப்பிள்ளையின் நண்பர் பகிடியாகக் கதைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் நண்பரும் கைகழுவப் போனதும் சித்தி குரலைத் தாழ்த்தி, அத்தான் என்ன சொன்னவர் என்று கேட்டார்.

"குடை கொண்டு போகச் சொன்னவர்."

சித்தி ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்தார். "பெய்யேல்லைத்தானே?" என்றார்.

"இல்லை."

இப்போதைய நிலை இது. சித்தியும் கணவரும் பார்க்கிங்கில் இருக்கிறார்கள். அப்பா எட்மண்டனில் தனியாக இருக்கிறார். கலியாணப் படம் ஒன்றை என் போனில் அவருக்குக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். சித்தியும் அவரும் இன்னும் கதைக்கவில்லை. சனிக்கிழமை அப்பாவிடமும் ஞாயிற்றுக்கிழமை சித்தியிடமும் நான் போய்வருகிறேன். ஒருவர் மற்றவரைப் பற்றிக் கேட்டால் சொல்லுகிறேன்.