குத்தகைக் காட்டில் ஒரு புகை

"காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண். யாரும் வந்து காப்பாற்றக் கூடாது. அவளாகப் பிழைத்து வரவேண்டும். இதுதான் நாவல்." பதிப்பாசிரியர் அம்மா போனில் இப்படிச் சொன்னதும், பெரிய இவளாட்டம் சரி என்று சொல்லிவிட்டேன். இளவட்டங்களுக்கான நாவல். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேட்டு வாங்குகிறார், வேண்டாம் என்பேனா? ஆனால் அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே குடியிருப்பவளுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? யானையைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். அருவியைக் காலண்டரில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

சரி, தெரிந்த காட்டையே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் காடு என்றால் சீமைக்கருவேலம்தான். பரளச்சிப் பக்கம் தண்ணீர் வற்றிப்போன ஒரு கண்மாய் முழுக்க அது மண்டிக் கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்த்து வரலாமென்று ஒரு காலையில் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். கதையில் வரும் பெண்ணிடம் போன் கிடையாது, சோறு கிடையாது. ஆகவே நானும் என் போனையும் இட்லி டப்பாவையும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நியாயஸ்தியாம்! காலையில் சுகர் மாத்திரை போட்டிருக்கிறோமே, வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டுமே என்ற நினைப்பு இருந்ததா? இல்லை. கையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தீப்பெட்டியும் மட்டும். கதைப் பெண் குச்சியைக் கடைந்து தீ மூட்டுவாள். எனக்கு அந்த வித்தை வராது என்று எனக்கே தெரியும்.

நன்றாக உள்ளே போய்விட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி முள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தவள் வெட்டிப் போட்ட ஒரு கிளையை மிதித்துவிட்டேன். முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. "அம்மாடி!" என்று உட்கார்ந்து இழுத்தேன். பாதிதான் வந்தது. மீதி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. வலியால் மட்டும் இல்லை. என் அப்பாவுக்கும் சுகர்தான். இதே கருவேல முள் குத்திய கால் ஆறாமல் புண்ணாகி, கடைசியில் விரல்களை எடுத்தார்கள். அவர் போர்வையால் பாதத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தது கண் முன்னால் வந்தது. கால் ஊன்ற முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது, கண் இருட்டியது. சுகர் இறங்குகிறது என்று புரிந்தது. இட்லி ஸ்கூட்டியில் பத்திரமாக இருந்தது.

என் கதாநாயகி போலவே தீ மூட்டினேன், ஆனால் யாராவது பார்த்து வரட்டும் என்று. பொட்டலாக இருந்த இடத்தில் சருகைக் கூட்டித் தீ வைத்து, மேலே பச்சை இலையைப் போட்டேன். புகை கும்மென்று எழுந்தது. நான் வந்ததற்கு எதிர்ப்பக்கம், மர இடுக்கில் ஒரு ரோடு லேசாகத் தெரிந்தது. மினி பஸ் ஒன்று போனது. நிற்கவில்லை. பைக்கில் போன ஆளும் பெண்ணும் புகையைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினேன். போய்விட்டார்கள்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. எங்கள் ஊரில் புகையைப் பார்த்து யார் ஓடி வருவார்கள்? கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்துக் கரியாக்குவது இங்கே அன்றாடப் பிழைப்பு. அதற்கு மூட்டம் என்று பேர். எங்கே பார்த்தாலும் ஒரு மூட்டம் புகைந்துகொண்டிருக்கும். நானே எத்தனையோ புகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். புத்தகத்துக்குப் பொருந்திய யோசனை பரளச்சிக்குப் பொருந்தவில்லை. அழுதேன். வெட்கமென்ன, வாய்விட்டே அழுதேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "எவன்டா அவன்? நாங்க குத்தகைக்கு எடுத்த கண்மாயில எவன்டா திருட்டு மூட்டம் போடுறது?" கூடவே ஒரு பெண் குரல்: "விட்றாதீக! கையும் களவுமா புடிங்க!"

என் வாழ்நாளில் அத்தனை இனிப்பான வசவை நான் கேட்டதில்லை. அரிவாளோடு ஒருவர் முள்ளை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, கையில் கம்போடு. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் திகைத்து நின்றார்கள்.

"முள்ளு... சுகரு..." என்றேன். காலைக் காட்டினேன்.

அந்த அம்மாள் கம்பை வீசிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏங்க, மொதல்ல அருவாளக் கீழ போடுங்க. அக்காவுக்கு மேலு சில்லுன்னு கெடக்கு. ஓடிப்போயி நம்ம காப்பித் தூக்குச்சட்டிய எடுத்துட்டு வாங்க!"

கருப்பட்டிக் காப்பி. அவர்கள் இருவரும் குடிக்க வைத்திருந்தது. முழுவதையும் நானே குடித்தேன். பிறகு அவர் என் ஸ்கூட்டியை ஓட்ட, நடுவில் நான், பின்னால் என்னைக் கட்டிப் பிடித்தபடி அந்த அம்மாள், இப்படியே டவுனுக்கு வந்து சேர்ந்தோம். டாக்டர் முள்ளை எடுத்தார். கால் தப்பித்தது.

கட்டுப் போட்டபின் ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்த அம்மாள் கேட்டார், "ஆமா, அங்க எதுக்குக்கா வந்தீக?"

கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் புள்ளையத் தேடி யாரும் வரலையாக்கா?"

"வரக் கூடாது. அவளா பொழச்சு வரணும். அதுதான் கதை."

"நல்ல கதை போங்க!" என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கு நாங்க வந்தோம்ல? அதுக்கும் யாரையாச்சும் அனுப்பி விடுங்கக்கா. சண்டைக்குன்னாலும் அனுப்பி விடுங்க."

கால் ஆறுவதற்குள் நாவல் முடிந்தது. ஆனால் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் அம்மாவுக்குக் கோபம். "யாரும் வரக் கூடாதுன்னு சொன்னேனே? இப்படியே இருந்தா போட முடியாது," என்றார்.

"போடாட்டி போகுதும்மா," என்றேன். "பிள்ளை வீட்டுக்கு வந்துட்டா."