எதிர்த்துக் கதைக்க ஒரு ரீச்சர்

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கணக்குக்கு ரியூசன் வேண்டுமென்றால் யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. கடைக் கண்ணாடிகளைப் பார்த்தாலே போதும். கோயில் திருவிழா அறிவித்தலுக்கும் அரிசி மூட்டையின் மலிவு விலைக்கும் நடுவே கணிதம், பௌதிகம், பிரெஞ்சு, வீணை என்று எல்லாவற்றுக்கும் தொலைபேசி இலக்கம் ஒட்டியிருக்கும். அரசியலுக்கு மட்டும் எவரும் இல்லை. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. அந்தத் தெருவில் தேத்தண்ணீரும் கையுமாக நிற்கிறவர்கள் காலையில் தொடங்கிக் கடை பூட்டும்வரை கதைப்பது அரசியலைத்தான்.

என் மகள் அப்போது லிசே என்கிற உயர்பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். வருட முடிவில் பாக் என்ற பெரிய பரீட்சை. எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் கணிதமும் பௌதிகமும் எடுத்துக்கொண்டு டாக்டர் ஆகவும் எஞ்சினியர் ஆகவும் வரிசையில் நிற்க, இவள் வரலாறும் அரசியல் விஞ்ஞானமும் சேர்ந்த ஒரு சிறப்புப் பாடத்தை எடுத்து வைத்திருந்தாள். அரசு என்றால் என்ன, ஜனநாயகம் எப்படித் தேய்கிறது, நாடுகளின் எல்லைகளை யார் கீறுகிறார்கள் என்று அதில் பெரிய பெரிய கேள்விகள். பல்கலைக்கழகத்திலும் அதையே படிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. "படிச்சு முடிச்சு எலெக்சன் கேக்கப் போறியோ?" என்று அவளுடைய அப்பா கேட்டார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். எங்கள் வீட்டு உரையாடல்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

ஒக்டோபரில் முதல் கட்டுரை திரும்பி வந்தது. இருபதுக்கு ஏழு. பல்கலைக்கழகங்கள் அந்த வருடத்துப் புள்ளிகளைப் பார்த்துத்தான் இடம் கொடுக்கும். ஏழோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளைக்குப் புள்ளி குறைந்தால் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். ரியூசன்.

நான் லா சப்பலில் ஒரு மளிகைக் கடையில் காசு வாங்கிப் போடும் இடத்தில் நிற்கிறவள். அங்கே ஒருவரிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அரசியல் பாடத்துக்கு ஒரு ஆள் தேவை என்று வாழைக்காய் நிறுக்கும்போது ஒரு அக்காவிடம் வாய் விட்டேன். மத்தியானத்துக்கிடையில் விண்ணப்பங்கள் வந்து குவிந்துவிட்டன.

"உதுக்கு ஏன் வெளியிலை ஆள் தேடுறீர்? நான் சொல்லித் தாறன். உலக அரசியல் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் முதலாளி. மீன் வாங்க வந்த அண்ணை ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகவே வகுப்பு எடுக்கலாம், ஆனால் பிள்ளை இடையில் கேள்வி கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "ஆரைப் பிடிச்சாலும் பிடியுங்கோ தங்கச்சி, அவர் எந்தப் பக்கம் எண்டு பாத்துப் பிடியுங்கோ" என்றார். மூவருக்கும் நன்றி சொல்லி மீதிக் காசைக் கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் புறநகர் செவ்ரானிலிருந்து ஒரு மாஸ்ரர் வந்தார். கைராசிக்காரர் என்று பெயர். எங்கள் ஊர் முறைதான் அவருடைய முறை. பழைய வினாத்தாள்களைப் பரப்பி வைத்து, இந்தமுறை எது வரும் என்று கணித்து, விடையை எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைப்பார். நானும் என் காலத்தில் அப்படித்தான் படித்தேன். இரண்டு பக்க விடையை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். இவளும் ஐந்து கட்டுரைகளைப் பாடமாக்கினாள். குளியலறைக்குள்ளிருந்துகூட ஜனநாயகத்தின் நெருக்கடி கேட்டுக்கொண்டிருந்தது.

டிசம்பர்ப் பரீட்சையில் மாஸ்ரர் சொன்ன ஜனநாயகமே வந்தது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சொல்லித் தீர்த்தேன். புள்ளி வந்தது. ஆறு. கட்டுரையின் அடியில் வகுப்பு ஆசிரியை சிவப்பு மையால் எழுதியிருந்ததை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்: நிறையத் தெரிந்து வைத்திருக்கிறாய், ஆனால் நீ என்ன சொல்கிறாய் என்பது எங்கே?

மாஸ்ரர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கு. பேந்தென்ன இவைக்கு?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். பதினேழு வயதுப் பிள்ளை ஜனநாயகத்தைப் பற்றிச் சொந்தமாக என்னத்தைச் சொல்வது என்று எனக்கும் விளங்கவில்லை. ஆனால் மகள் அழுதுகொண்டிருந்தாள். மாஸ்ரரை மரியாதையாக நிறுத்தினோம்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சுப் பெண் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயது வராது. அரசியல் விஞ்ஞானத்தில் ஆய்வு செய்கிறவள். குடியுரிமை எடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஏன் வாக்களிக்கப் போவதில்லை என்பதுதான் ஆய்வு. கையில் கேள்விக் கொத்தோடு வருகிறவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பதினைந்து வருடம் இங்கே வியாபாரம் செய்தவருக்குக்கூடத் திடீரென்று பிரெஞ்சு மறந்துவிடும். அவள் ஒவ்வொரு கடையிலும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு பதில் இல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறி தட்டியது. "நான் உன் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். மற்றவர்களையும் சொல்ல வைக்கிறேன். நீ என் மகளுக்குப் படிப்பி" என்றேன். அவள் அந்த இடத்திலேயே சம்மதித்தாள். வாக்களிக்காததற்கு நான் சொன்ன காரணம் அவளுடைய ஆய்வில் இன்றைக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். தேர்தல் வைப்பது ஞாயிற்றுக்கிழமை. லா சப்பல் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காரணம் விளங்கும்.

கடைக்குக் கிட்ட, மார்க்ஸ் டோர்மோயில் இருந்த எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முதல் வகுப்பு. நான் தேத்தண்ணீர் கொண்டுபோகும் சாட்டில் நின்றுகொண்டேன். "ஜனநாயகம் என்றால் தேர்தல் வைப்பது. அவ்வளவுதான். சரியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "ஆம் மதாம்" என்றாள் என் மகள். அந்தப் பெண் புத்தகத்தை மூடினாள். "நான் சொன்னது பிழை. பிழை என்று உனக்கும் தெரியும். பிறகு ஏன் ஆம் என்றாய்?"

மகள் என்னைத்தான் பார்த்தாள். "நீங்கள் ரீச்சர்தானே" என்றாள்.

எனக்கு மனம் குளிர்ந்துபோனது. பிள்ளையை ஒழுங்காக வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணோ தலையில் கை வைத்துக்கொண்டாள். கட்டுரையில் புள்ளி போவதும் இதனால்தான் என்றாள். ஜூனில் வாய்மொழிப் பரீட்சை வேறு இருக்கிறது, ஓரால் என்பார்கள். இரண்டு ஆசிரியர்கள் எதிரே இருந்து வேண்டுமென்றே குறுக்கே கேட்பார்கள். அவர்கள் சொன்னதற்கெல்லாம் ஆம் போட்டால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பிறகு என் பக்கம் திரும்பி, தினமும் வீட்டில் பயிற்சி வேண்டும் என்றாள். அம்மாவோ அப்பாவோ சொல்கிற ஒன்றை மகள் மறுக்க வேண்டும். மூன்று காரணம் சொல்ல வேண்டும். நாங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது, கோபிக்கவும் கூடாது.

நான் என் தாயை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இதை எழுதப் பல் இருந்திருக்காது. ஆனால் ஆறு புள்ளி கண்முன்னே நின்றது. ஓம் என்று தலையாட்டினேன்.

என் கணவர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மாலை வேலை தொடங்கும்வரை வீட்டுக்கு வந்து சாய்வார். அவருக்கு விஷயத்தைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து மறுபடி வெளியே கிளம்பிய மகளிடம், "பிள்ளை, வெளியிலை குளிர், தொப்பியைப் போட்டுக்கொண்டு போ" என்றார் பாவம்.

"நான் அதோடை உடன்படேல்லை அப்பா" என்றாள் அவள். "முதலாவது, குளிர் எண்டுறது ஆள் ஆளுக்கு வித்தியாசம். ரெண்டாவது, முடிவு எடுக்கிறவர் அதாலை பாதிக்கப்படுறவரா இருக்க வேணும்."

மூன்றாவதை அவர் கேட்கவில்லை. நேராகக் குசினிக்கு வந்தார். "இஞ்சரும், பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்றார். "ரியூசன்" என்றேன்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. புட்டுக்கு எது சரியான கறி, ரீவியை எத்தனை மணிக்கு நிற்பாட்டுவது, மாமாவீட்டுக் கலியாணத்துக்குச் சேலை கட்டித்தான் போகவேண்டுமா என்று எல்லாவற்றுக்கும் வழக்கு. கோபிக்கக் கூடாது என்ற விதியை நான் ஒரு கிழமைகூட ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. அகப்பையைக் கீழே வையுங்கோ, பிறகு கதைக்கலாம் என்று அவள் எனக்குச் சொல்லுமளவுக்கு நிலைமை போனது. என் கணவர்தான் மாறிப்போனார். இடைவேளைக்கு வரும்போதே, "இண்டைக்கு என்ன தலைப்பு?" என்று கேட்டுக்கொண்டு வருவார். பிரெஞ்சில் தோளைக் குலுக்குகிறவள், அப்பாவை வெல்ல வேண்டும் என்பதற்காகத் தமிழில் சொல் தேடினாள். அதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை.

ஜனவரியில் பத்து வந்தது. மார்ச்சில் பதினான்கு. ஆனால் ஆறும் ஏழும் அழியவில்லையே. விண்ணப்பித்த பாரிஸ் பல்கலைக்கழகங்கள் எல்லாம் காத்திருப்போர் வரிசையில் அவளை எங்கோ கடைசியில் நிறுத்தி வைத்தன.

ஓரால் நாளன்று கடையில் லீவு சொல்லிவிட்டு லிசே வாசலில் நின்றேன். அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். "நான் சொன்னது தவறு எண்டு கேள்வி கேட்ட மதாம் சொன்னவ. இல்லை மதாம், நான் உடன்படேல்லை எண்டு சொன்னனான்." ரீச்சருக்கே எதிர்க்கதை, அதுவும் பரீட்சையில். "பேந்து?" என்றேன். "பேந்து காரணங்களைச் சொன்னனான். அவ சிரிச்சவ." புள்ளி வந்தபோது பதினெட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆய்வுப் பெண்ணைக் கூப்பிட்டு விருந்து வைத்தோம். அவளும் என் மகளும் சாப்பாடு ஆறும்வரை எதையோ பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலைத் தொடக்கத்தில் இடம் கிடைத்தது. பாரிசில் அல்ல, லீலில். அப்படி ஒரு ஊருக்கு அவள் விண்ணப்பித்ததையே நான் கவனிக்கவில்லை.

அன்று மூவரும் வீட்டில் இருந்தோம். போகத் தேவையில்லை, பாரிசில் கிடைக்கும்வரை பொறுக்கலாம் என்றேன். அவள் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். லீல், கார் து நோர் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்தான் என்றாள். வேலைநிறுத்த நாளில் செவ்ரான் மாமாவீட்டுக்குப் போக அதைவிடக் கூட நேரம் எடுக்கும். பொம்பிளைப் பிள்ளை தனிய எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் என் வயதில் தனியக் கடல் கடந்து வந்தனீங்கள்தானே என்றாள். சமைக்கத் தெரியாது என்றேன். படிப்பன் என்றாள். செலவு என்றேன். அதற்கும் விடை வைத்திருந்தாள். நான் எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல், மரியாதையாக எடுத்து ஒரு பக்கம் வைத்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் வந்தது, அதற்கு மேலாகப் பெருமை வந்தது, இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"வேறை காரணம் இருக்கோ அம்மா?" என்று கேட்டாள்.

"காரணம் ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றேன். "நீ போனா நான் ஆரோடை கதைக்கிறது?"

அவள் வாயைத் திறந்தாள். முதலாவது என்று தொடங்கப் போகிறாள் என்று நினைத்தேன். எழும்பி வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு என்னட்டைப் பதில் இல்லையம்மா" என்றாள்.

செப்டெம்பரில் அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன்.