மெழுகில் தோய்த்த கிட்டார்

கடலூரில் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றும் சவரிமேரி, உடைந்த ஃபைபர் படகின் பலகையில் சிதம்பரத்தில் வாங்கிய தந்திகளைக் கட்டி எலக்ட்ரிக் கிட்டார் செய்தாள். மாதா திருவிழாவில் அதை வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஒத்திகையில் ஸ்பீக்கர் பக்கம் போனதும் அது கீச்சென்று அலறியது.

“ஏன் மேரி, படகு கடலுக்குப் போவணும்னு அழுவுதா? திருவிழாவுக்கு இது வேணாம்” என்றார் அக்கா வீட்டுக்காரர் மரியலூர்து. பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

“இருங்க மாமா, அதோட வாயை அடைச்சிட்டு வரேன்.”

தந்திகளுக்கு அடியில், ஒலியைப் பிடிக்க அவள் சுற்றி வைத்த காயிலும் சேர்ந்து அதிர்வதால்தான் அந்த அலறல். மோட்டார் காயில் அதிராமலிருக்க வார்னிஷ் ஊற்றுவது அவள் வழக்கம். இதற்கு, மாதா சிலை இருக்கும் கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளை உருக்கி, காயிலை அதில் தோய்த்து எடுத்தாள்.

மறுநாள் மரியலூர்தே ஒலியை முழுசாகக் கூட்டினார். கிட்டார் பாடியது, அலறவில்லை.

“சரி, திருவிழாவுல எங்க நிப்ப?”

“ஸ்பீக்கர் பக்கத்துலதான், மாமா.”